சுவர் பார்த்த இருக்கை

ஏப்ரல் 16, 2024

பெர்மெத் வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என் மகள் உதவி என்று கேட்டு என்னிடம் வந்தது, அவளுடைய நாற்பத்து நான்கு வயதுக்குள் இது இரண்டாவது முறை. முதல் முறை எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடம்.

ஓஷ் பஜாரிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் சந்தில், மூடிக்கிடக்கும் தையற்கூடத்தின் பக்கச் சுவரில், அவள் ஒரு பேசும் சுவரைச் செய்திருக்கிறாள். சுட்ட களிமண் ஓடுகள், ஓடுகளில் துளைகள், துளைகளுக்குப் பின்னால் ஒலிவாங்கிகளும் சிறு விளக்குகளும். துளையருகே யாராவது பேசினால் அவ்விடத்தில் ஒளி தோன்றிச் சுவர் முழுவதும் பரவும். இரண்டு மூச்சு கழித்து அதே குரல், சற்றுத் தணிந்து, திரும்பி வரும். நகரத்தோடு மனிதர்கள் விளையாட வேண்டுமாம். மூன்று வாரம் சோதனையாகத் திறந்து வைத்திருக்கிறாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஏம்மா யாருமே பேச மாட்டேங்கறாங்க?"

"பேசணும்னா கையில இருக்கற பையை எங்க வைப்பாங்க?"

அவளுக்குப் புரியவில்லை. பஜாரிலிருந்து வருபவர்களின் இரண்டு கைகளிலும் சுமை இருக்கும் என்பதை வெளிநாட்டில் ஆறாண்டு கலை படித்தவளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் கலைப்படைப்பு பண்றேன்மா. பஸ் ஸ்டாப் கட்டல."

"பஸ் ஸ்டாப்ல ஜனங்க நிக்கறாங்களே."

எங்கள் கிர்கிஸ் தலைநகரம் வேறு பெயரில் இருந்த காலந்தொட்டு முப்பத்தொரு ஆண்டுகள் இதன் நிறுத்தங்களையும் இருக்கைகளையும் குடிநீர்க் குழாய்களையும் வரைந்தவள் நான். எதன் அடியிலும் என் கையெழுத்து இல்லை. எங்கள் தொழிலில் கையெழுத்துப் போடும் வழக்கம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, என் மகள் கையெழுத்துப் போடும் தொழிலுக்குப் போனாள்.

செய்துதருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 19

அளவுநாடாவோடு போனேன். எதிரே தேநீர்க்கடையில் அமர்ந்து ஒரு மணி நேரம் எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கடந்தார்கள். நான்கு பேர் சுவரைப் பார்த்தார்கள். ஒருவன் அதன் மேல் தீக்குச்சி உரசினான்.

குறை தெளிவாகத் தெரிகிறது. நின்றபடி, சந்து முழுக்கப் பார்க்க, சுவரோடு பேச எவருக்கும் கூச்சமாக இருக்கும். பைத்தியம் என்பார்கள். ஆகவே: உட்கார இடம். சந்துக்கு முதுகு, சுவருக்கு முகம். பஜார்ப் பெண்கள் நாள் முழுக்கத் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து பழகியவர்கள். சிறுவர்களுக்கும் அதுவே எட்டும். எனவே முப்பது சென்டிமீட்டர் உயரம் போதும். துளைகளை உட்கார்ந்தவர் வாய் மட்டத்துக்கு இறக்க வேண்டும். மழை படாமலிருக்க மேலே வளைந்த கூரை. பையை வைக்கக் காலருகே ஒரு மேடை.

பெர்மெத் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அழகா இல்லையே" என்றாள்.

"அழகு உன் பாகம். ஓடெல்லாம் நீ பதிச்சு முடிச்சாச்சு."

மே 4

பொருத்தியாயிற்று. மின்வேலை பார்க்கும் வெனியமின் என் வயதுக்குப் பத்துக் குறைந்தவர். ரேடியோ பழுது பார்த்தே வாழ்ந்தவர். ரஷ்ய வழக்கப்படி என்னைத் தந்தை பெயரோடு சேர்த்தே அழைப்பார். முதலில் அவரை உட்கார வைத்தேன்.

"அனார்குல் ஜுமாபாயெவ்னா, இதுல உக்காந்தா ஏதோ தப்பு பண்ணிட்டு ஒத்துக்க வந்த மாதிரி இருக்கு."

"அது உங்க முட்டி வலி" என்றேன்.

மே 11

திறப்பு. சிறுவர்கள் கழுதை போலக் கத்தினார்கள். சுவர் கழுதை போலவே பதில் சொன்னது. நகராட்சி அதிகாரி துளைக்குள் குனிந்து வாழ்த்துரை வழங்கினார். இரண்டு மூச்சு கழித்து அது முழுவதும் அவருக்கே திரும்பி வந்தது. தம் உரையைத் தாமே கேட்க நேர்ந்த முதல் அதிகாரி அவராகத்தான் இருப்பார். எல்லோரும் சிரித்தார்கள், பெர்மெத்தும். அவள் சிரித்து நான் பார்த்து நாளாயிற்று.

மே 14

எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி. நான் தேநீர்க்கடையில். பஜாரில் சீரகம் விற்கும் மைராம் என்ற பெண், ஐம்பத்தைந்து வயதிருக்கும், பையோடு சந்துக்குள் வந்தாள். சுவரைப் பார்த்தாள். இருக்கையைப் பார்த்தாள். பையை நான் வைத்த மேடையில் வைத்தாள். உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

இடுப்பில் ஊன்றிய அந்தக் கைகளைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பையை வைக்க இடம் தேடினேன். மேசை முன்னால்தான் இருந்தது.

அவள் கொஷோக் சொல்ல ஆரம்பித்தாள். இறந்தவருக்குப் பெண்கள் இடுப்பில் கை ஊன்றிப் பாடும் ஒப்பாரி. பட்டப்பகலில், சந்தில்.

"மூடின பெட்டியில வந்தியே, என் ஒட்டகக் குட்டி,
முகத்தைக் காட்டுன்னேன், பெட்டியோட எடையைச் சொன்னாங்க..."

ஒளி அவள் வாயருகே தோன்றி மேலே மேலே ஏறியது. சுவர் அவள் குரலைத் தணித்துத் திருப்பித் தர, அவள் அதன் மேல் அடுத்த அடியை ஏற்றினாள். சந்தில் நடந்தவர்கள் நின்றுவிட்டார்கள். தர்பூசணி வண்டிக்காரன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறந்தவருக்குப் பிரார்த்தித்து முடிப்பவன் போல இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டான்.

என்ன செய்திருக்கிறேன் நான்? தாழ்ந்த இருக்கை. சுவருக்கு முகம், வழிக்கு முதுகு. தலைக்கு மேல் வளைந்த கூரை. இழவுக்குப் போடும் கூடாரத்தில் பெண்கள் அமரும் பக்கத்தை அங்குலம் அங்குலமாக அளந்து கட்டியிருக்கிறேன். ஒவ்வோர் அளவுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. எல்லாக் காரணங்களும் சரி. எழுபத்தாறு வயதுக் கிர்கிஸ் பெண்ணான எனக்கு, படிப்பறிவில்லாத எந்தக் கிழவிக்கும் ஒரே பார்வையில் தெரிந்திருக்கக்கூடியது, தெரியவில்லை.

கால் மணி நேரம் கழித்து மைராம் எழுந்தாள்; பாவாடையைத் தட்டிக்கொண்டாள்; நேரே என்னிடம் வந்து, "சீரகம் வேணுமாக்கா? புதுசு" என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.

மே 15

மீண்டும் வந்தாள். இம்முறை நானாகக் கேட்டேன். மகன் வெளிநாட்டில் கட்டட வேலையில் விழுந்து இறந்தானாம், பிப்ரவரியில்.

"வாடகை ரூமுல இருக்கேன்க்கா. வீட்டுக்காரன் சத்தம் போடாதேன்னான். தெரு இமாம் சத்தமா அழுதா செத்தவனுக்கு நோகும்னார். என் மாமியார் ஊர்ல வெச்சுப் பாடலாம்னா. ஊருக்குப் போனா கடையை யாரு பாக்கறது? இந்தச் செவுருதான் ஒண்ணும் சொல்லல."

மே 22

இந்த வாரம் ஏழு பெண்கள். ஒருத்தி டோக்மோக்கிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கிறாள். சிறுவர்கள் விலகி நிற்கிறார்கள், தங்கள் முறைக்குக் காத்திருப்பது போல.

பெர்மெத் வந்து பார்த்தாள். திரும்பும் வழியில் நடைபாதையிலேயே தொடங்கிவிட்டாள்.

"என் வேலையை இழவு வீடாக்கிட்டம்மா."

"நான் ஒரு பெஞ்சு போட்டேன். அவ்வளவுதான்."

"பெஞ்சு இல்ல இது. அர்த்தத்தையே மாத்திட்ட. நான் விளையாட்டுன்னு நெனச்சு செஞ்சேன்."

"நீ நெனச்சதைத்தான் அவங்களும் நெனைக்கணும்னா எதுக்கு நடுத்தெருவுல வெச்ச? கண்காட்சி அறைக்குள்ள பூட்டி வெச்சிருக்கலாமே."

அவள் நின்றாள். "ஊர்ல யார் யாரோ பாடறதுக்கு இடம் கட்டிக் குடுக்கற. எங்கப்பாவுக்கு மட்டும் யாரையும் பாட விடல."

அவள் டாக்ஸியில் ஏறிப் போய்விட்டாள்.

என் கணவர் ஓமுர்பெக் இறந்தது 1992 பிப்ரவரியில். நாரினிலிருந்து அவருடைய மூன்று சகோதரிகளும் கறுப்பு உடுத்து நான்கு மாடி ஏறி வந்தார்கள். இது அடுக்குமாடிக் குடியிருப்பு, கூடாரமல்ல என்று சொல்லி நான் அவர்களை வாய்மூட வைத்தேன். பன்னிரண்டு வயது பெர்மெத்தை அண்டை வீட்டில் விட்டுவிட்டேன். படித்த திமிர் என்று அவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். அப்படியே நம்பட்டும் என்று விட்டேன். உண்மையைவிட அது எனக்கு வசதியாக இருந்தது.

ஜூன் 3

இருக்கையின் உயரத்தைச் சோதிக்கப் போனேன். சரியாக இருக்கிறது.

ஜூன் 20

பெர்மெத் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். வெளிநாட்டுப் பெருங்கண்காட்சி ஒன்றிலிருந்து அழைப்பு. இருபது ஆண்டுகளாக அவள் காத்திருந்த அழைப்பு. சுவரின் ஒரு பகுதியைப் பெயர்த்துக் கொண்டுபோய் இருட்டறையில் நிறுத்துவார்களாம். பார்வையாளர் நுழைந்ததும் குரல்கள் எழும், ஒளி பரவும்.

"என்ன குரல்?" என்றேன்.

"அந்தப் பொம்பளைங்க குரல்தான். சுவர் எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கும்மா. வெனியமின் சோதனைக்காக ஒரு நினைவகம் வெச்சாரு, எடுக்க மறந்துட்டாரு. மே பதினொண்ணுலேருந்து எல்லாமே இருக்கு. நூத்துச் சொச்சம். இன்னும் ஒண்ணும் கேக்கல, ஒண்ணொண்ணாக் கேக்கணும்."

எல்லாமே.

என் கையிலிருந்த கத்தியைக் கேக்கில் செருகி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. அவள்தான் பிறகு எடுத்தாள்.

ஜூன் 3 அன்று எழுதியது பொய்யல்ல. பாதி. உட்கார்ந்தேன்; உயரம் சரியாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததும் கை தானாக இடுப்புக்குப் போனது. அப்புறம்... அப்புறம் என்ன, பேசினேன். யாருமே இல்லைன்னு நெனச்சு பேசினேன். செவுருதானேன்னு.

கடவுளே, அவ கேக்கப் போறா.

ஜூன் 21

காலையில் நானே அவளுடைய பணியறைக்குப் போனேன். கேட்கக் கூடாது என்று சொல்லப் போய், வேறு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் குரலுங்க உன்னோடது இல்ல."

"என் சுவர் கேட்டது. என் படைப்புக்குள்ள வந்து பாடினாங்க."

"உக்கார இடம் இருந்துச்சுன்னு வந்தாங்க. டாக்டர்கிட்டப் போய்க் குனியறவ, ஃபோட்டோ எடுக்கச் சொல்லியா குனியறா?"

"உனக்கு எப்பவுமே கலைன்னா திருட்டுதான்."

"எனக்குத் தெரிஞ்சு வடிவமைப்புன்னா, ஒருத்தர் உக்காந்துட்டு எழுந்து போன அப்புறம் அதுகிட்ட அவங்களோடது எதுவும் இருக்கக் கூடாது. சூடுகூட."

"நல்லா இருக்கும்மா இது. சுவத்துல எழுதி வெக்கலாம்."

வெளியே வந்தேன். கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை. ஜூன் மூன்றாம் தேதியை அழித்துவிடு என்று சொல்ல நான்கு வார்த்தை போதும். அந்த நான்கு வார்த்தை வரவில்லை.

ஜூன் 24

கேட்டுவிட்டாள்.

மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். என் வீட்டில் அவள் அப்படி நின்றதே கிடையாது.

"பதினொரு பாகையா?" என்றாள்.

"ஆமா."

"அந்த பெஞ்சா?"

"ஆமா."

எழுதிவிடுகிறேன். இனி யாரிடமிருந்து மறைக்க?

1988இல் நிறுத்தங்களில் குடிகாரர்கள் படுத்துத் தூங்குகிறார்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: படுக்க முடியாத இருக்கை வேண்டும். இருக்கைப் பலகையை முன்பக்கம் சரித்தேன். உத்தரவு அவர்களுடையது, பாகை என்னுடையது. பத்து என்றால் தூங்கிவிடுவார்கள், பன்னிரண்டு என்றால் யாருமே உட்கார மாட்டார்கள், பதினொன்று. அதற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஒன்பதாம் எண் டிராலிபஸ் நிறுத்தத்தில் ஓமுர்பெக்குக்கு நெஞ்சு வலித்தது. உட்கார்ந்தார். வழுக்கினார். மறுபடி ஏறி உட்கார்ந்தார். மறுபடி வழுக்கினார். பக்கத்தில் நின்ற பெண் குடிகாரன் என்று நினைத்தாளாம். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவளே என்னிடம் அழுதுகொண்டு சொன்னாள். பனியில் இருபது நிமிடம் கிடந்திருக்கிறார்.

ஒப்பாரியை விதவைதான் எடுத்துக்கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். நான் எதை எடுத்துக் கொடுத்திருப்பேன்? அதனால்தான் அவர்களை வாய்மூட வைத்தேன். முப்பத்திரண்டு வருடம் கழித்து, ஓர் ஓட்டைக்குள், பாதி ரஷ்ய மொழியில், மெட்டுத் தவறி, பாகைக் கணக்கோடு சொல்லித் தொலைத்தேன். ஒப்பாரியில் கோணத்தைச் சொன்ன முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

பெர்மெத் வேறெதுவும் கேட்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். அறைந்திருந்தால் தேவலை.

ஜூன் 27

அவள் தொலைபேசியில் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

ஜூன் 29

வெனியமின் வந்து சொன்னார். பெர்மெத் நினைவகத்தைக் கழற்றி, எல்லாக் குரல்களையும் அழித்து, பெட்டியைச் சுத்தியலால் உடைத்தாளாம். கண்காட்சிக்கு வரவில்லை என்றும் எழுதிவிட்டாளாம்.

"ஸ்க்ரூ டிரைவர் போதும்னு சொன்னேன், அனார்குல் ஜுமாபாயெவ்னா. சுத்தியல்தான் வேணும்னாங்க. கலைஞர் ஆச்சே."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகள் காத்திருந்த அழைப்பு. என்னால் போயிற்று.

ஜூலை 2

பெர்மெத் என்னைக் கூப்பிட்டாள். மைராமிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், தனியாகப் போக பயமாக இருக்கிறது என்றாள். போனோம். சீரக மூட்டைகளுக்கு நடுவே நின்று பெர்மெத் எல்லாவற்றையும் சொன்னாள்: சுவர் குரல்களை வைத்திருந்தது, யாரையும் கேட்கவில்லை, தவறு, இப்போது ஒன்றுகூட மிச்சமில்லை, அழித்தாயிற்று.

மைராம் அளந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அழிச்சுட்டியா?"

"எல்லாத்தையும். கவலைப்படாதீங்க அக்கா."

"பதினாலாம் தேதி பாடினதையுமா?"

"ஆமா."

"எவ சொன்னா உன்னை அழிக்கச் சொல்லி?" குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "என் வாழ்க்கையில அந்த மாதிரி வந்ததில்ல. பெட்டியோட எடைன்னு ஒரு அடி வந்துச்சு பாரு, அது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. அதுக்கப்புறம் பத்துத் தடவை பாடிட்டேன்; அந்த நடை வரல. எங்கம்மா பாட்டுக்கு நாலு பள்ளத்தாக்குல பேரு. அவ கேட்டிருந்தா தலையாட்டியிருப்பா. நீ வெச்சிருந்திருக்க. வெச்சிருந்து, என்னைக் கேக்காம அழிச்சிருக்க."

மைராம் அளவுக் கிண்ணத்தை மூட்டைக்குள் குத்தி நிறுத்தினாள்.

"கேக்காம எடுத்தது ஒரு தப்பு, தாயி. கேக்காம அழிச்சது ரெண்டாவது தப்பு. ரெண்டையும் பெரிய மனசு பண்ணித்தான் செஞ்சிருப்ப." ஒரு பெண் வந்து சீரகம் கேட்டாள். மைராம் அவள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 3

நேற்றிலிருந்து இதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை.

அது கலையா வடிவமைப்பா என்று நானும் என் மகளும் மூன்று மாதமாகச் சண்டை போட்டிருக்கிறோம். அவள் தன்னைக் கலைஞர் என்றாள். நான் பயன்படுத்துபவர் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொண்டேன். அந்தச் சந்தில் உண்மையிலேயே ஒரு கலைஞர் இருந்தார். சொல்லைத் தேர்ந்து, நடையைக் கட்டி, எந்த அடி விழுந்தது எந்த அடி விழவில்லை என்று கணக்கு வைத்திருந்தார். நான் அவரைத் துக்கத்தில் இருப்பவர் என்றேன். பெர்மெத் கிடைத்த சரக்கு என்றாள். இருவருமே அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குரல்கள் உன்னுடையவை அல்ல என்று எவ்வளவு அழகாகச் சொன்னேன். யாருடையவை என்று மட்டும் யோசிக்கவில்லை. அப்படிச் சொன்னதில் பாதி, அழித்துவிட்டால் என் மூன்றாம் தேதியும் போகும் என்ற எண்ணம்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

அவருக்குப் பலகை அடித்துக் கொடுத்த தச்சர்கள் நாங்கள். இருவரும்.

ஜூலை 9

பெர்மெத் ஒரு வாரமாகக் காலையில் பஜாருக்குப் போய் மைராமின் மூட்டைகளை இறக்கிக் கொடுக்கிறாளாம். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காது என்று தெரிந்திருக்கிறது. இன்று மைராம், "வா, ஒரு தடவை பாத்துடறேன்" என்று அவளோடு சுவருக்கு வந்தாள். நான் எதிரே இருந்தேன்.

உட்கார்ந்தாள். கையை ஊன்றினாள். தொடங்கினாள். நான்கு அடி வந்தது. நின்றது. மறுபடி தொடங்கினாள்; மூன்றில் நின்றது. திரும்பி, பெர்மெத்தை அல்ல, சந்துக்கு இப்பாலிருந்த என்னை நோக்கிச் சொன்னாள்:

"ஏன்க்கா, இதை நீதானே போட்ட? ஒத்தப் பொம்பளை உக்காந்து எங்கயாவது கொஷோக் கேட்டிருக்கியா? எனக்கு மூச்சு வாங்கறப்போ பக்கத்துல இருக்கறவதான் இழுத்துப் பிடிக்கணும். செவுரு நான் சொன்னதையே சொல்லுது. அடுத்ததை எடுத்துக் குடுக்குமா?"

நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் அகலம். ஒருவருக்கு. பக்கத்தில் ஆள் இருந்தால் பேச வாய் வராது என்று கணக்குப் போட்டுத்தான் அப்படிச் செய்தேன். என் அளவுகளிலேயே நான் பெருமைப்பட்ட அளவு அது.

அப்போது பெர்மெத் ஒன்று செய்தாள். தரையில், இருக்கையை ஒட்டி, மண்டி போட்டாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் தொடையில் வைத்தாள்; பிறகு இடுப்புக்குக் கொண்டுபோனாள். அவளுக்குப் பாட்டும் தெரியாது, முறையும் தெரியாது. நான்தான் கற்க விடவில்லை. மைராம் மறுபடி எடுத்தாள். மூன்றாம் அடியில் மூச்சு வாங்கியபோது, என் மகள் அந்த அடியின் கடைசிச் சொல்லை மட்டும் இழுத்துப் பிடித்தாள். குரல் நன்றாக இல்லை. மைராம் நான்காம் அடிக்குப் போனாள், ஐந்துக்குப் போனாள்.

நான் தேநீருக்குக் காசு கொடுக்காமலே வந்துவிட்டேன் போலிருக்கிறது. நாளை கொடுக்க வேண்டும்.

ஜூலை 11

மெட்டு அதுவல்லவாம், மே பதினாலு போல வரவில்லையாம். ஆனால் வேறு ஏதோ வருகிறது என்று மைராம் சொன்னதாக பெர்மெத் சொன்னாள். அவள் எதையும் பதிவு செய்யவில்லை. மைராமாகச் சொன்னால் எழுதிக்கொள்ளத் தாள் மட்டும் கொண்டுபோகிறாளாம்.

ஜூலை 19

பெர்மெத் காலையில் தொலைபேசியில் அழைத்தாள். வேலைக் குரல்.

"அம்மா, பெஞ்சை நீளமாக்கணும். ரெண்டு பேருக்கு எவ்வளவு வேணும்?"

கை ஊன்றி உட்கார்ந்தால் முழங்கைகள் வெளியே நீட்டும். ஆள் ஒன்றுக்கு எழுபது சென்டிமீட்டர் என்றேன். சரிவு ஏதுமில்லாமல் மட்டப்பலகை வைத்துப் பார்த்துப் பொருத்தச் சொன்னேன்.

"அப்போ நூத்தி நாப்பது."

"இருநூத்திப் பத்து" என்றேன்.

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மூன்றாவது ஆள் யார் என்று அவள் கேட்கவில்லை.